எழுந்து நிற்கும் வலிமை: முதுமையில் தசை இழப்பைத் தடுக்க உணவும் பயிற்சியும்

தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கையை ஊன்றாமல் எழுந்துபோன பாட்டி, ஒரு கட்டத்தில் சுவரைப் பிடித்து எழத் தொடங்குகிறார். சில ஆண்டுகளில் தரையை விட்டு நாற்காலிக்கு மாறுகிறார். பிறகு நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி, இரண்டு முறை முன்னால் ஆடி, மூன்றாவது முயற்சியில் எழுகிறார். பேருந்தின் படி உயரமாகத் தெரிவதால் உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்க்கிறார். கடைசியில் கழிப்பறையிலிருந்து எழுவதற்கும் ஓர் ஆள் துணை தேவைப்படுகிறது. இந்த வரிசையில் எந்த இடத்திலும் யாரும் மருத்துவரைப் பார்க்கப் போவதில்லை. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் உள்ளவர்களும் சொல்கிறார்கள், அவரும் சொல்லிக்கொள்கிறார்.

வயதாவதைத் தடுக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன சரிவுக்குப் பெரிய காரணம் தசை இழப்பு. தசை இழப்பை எந்த வயதிலும் மெதுவாக்க முடியும்; ஓரளவு மீட்கவும் முடியும். நம் வகுப்புப் பிள்ளைகளில் பலரைக் காலையில் எழுப்பிக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது தாத்தா பாட்டிதான். நம்மில் பலருடைய பெற்றோர் எழுபதைத் தாண்டியவர்கள். நாமும் 60 வயதில் ஓய்வு பெறப் போகிறவர்கள். அதனால் இது நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் விஷயம்.

தசைக்குள் நடப்பது

முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலிமை இன்னும் விரைவாகக் குறைகிறது. இதற்குக் காரணம் தசையில் மட்டும் இல்லை. தசைக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்புச் செல்கள் தண்டுவடத்தில் ஒவ்வொன்றாக இறக்கின்றன. அவற்றை நம்பியிருந்த தசையிழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்புகள் ஏற்றுக்கொள்ளும். மற்றவை சுருங்கி மறையும்.

இழைகளிலும் இரண்டு வகை உண்டு. மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் உழைப்பவை ஒருவகை. சட்டென்று சுருங்கி அதிக விசை தருபவை மற்றொரு வகை. முதுமையில் முதலில் மெலிவது இரண்டாம் வகை. வாசற்படியில் கால் தடுக்கினால் அடுத்த காலைச் சட்டென்று முன்வைத்துச் சமாளிக்க உதவுபவை இந்த வேக இழைகள்தாம். மெதுவாக நன்றாக நடக்கிற முதியவர், ஈரத் தரையில் ஒரு நொடி வழுக்கியதும் விழுந்துவிடுவது இதனால்தான். விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, படுக்கை என்று தொடர்ந்துவிடும்.

படுக்கைதான் இதில் மிகவும் கொடியது. உடல்நலத்துடன் இருந்த முதியவர்களைப் பத்து நாள் முழுப் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் அவர்கள் கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசையை இழந்திருந்தார்கள். காய்ச்சல் வந்து படுத்த தாத்தா, காய்ச்சல் விட்டபிறகும் ஒரு மாதம் கட்டிலிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். ‘நல்லா ரெஸ்ட் எடுங்க’ என்று நாம் அன்பாகச் சொல்வது பல நேரங்களில் அவருக்குக் கெடுதலாகவே முடிகிறது.

இந்த இழப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாததற்கு ஒரு காரணம் உண்டு. தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடும். எடை பார்க்கும் இயந்திரம் பத்து ஆண்டுகளுக்கு முன்பு காட்டிய அதே எண்ணைக் காட்டும். தொப்பை இருக்கும், தொடை மட்டும் மெலிந்திருக்கும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தசை இன்னும் வேகமாகக் கரையும். சர்க்கரையை எரிக்கும் முக்கியமான இடமே தசை என்பதால், தசை குறையக் குறைய நீரிழிவும் முற்றும்.

இவ்வளவு பரவலான ஒரு நிலைக்கு 1988 வரை பெயர்கூட இல்லை. அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் அந்த ஆண்டு நடந்த ஒரு கூட்டத்தில் இர்வின் ரோசன்பர்க் என்ற ஊட்டச்சத்து அறிஞர், இதற்குக் கிரேக்கத்தில் ஒரு பெயர் வைத்தால்தான் மருத்துவ உலகம் பொருட்படுத்தும் என்று கருதி, ‘சார்க்கோபீனியா’ என்ற சொல்லை முன்மொழிந்தார். ‘தசைப் பற்றாக்குறை’ என்று பொருள். 2016இல்தான் அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்கெனத் தனி எண் கிடைத்தது.

தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் மறுவாழ்வு இல்லம். அங்கே மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தொண்ணூறு வயதையொட்டிய, தளர்ந்துபோன பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தனர். எட்டு வாரம், தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி. பொம்மை எடை அல்ல. அவரவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் பெரும்பங்கு. அன்றைய நிலையில் இது துணிச்சலான காரியம். ஒன்பது பேர் முழுமையாக முடித்தனர். அவர்களுடைய தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடு வளர்ந்திருந்தது. ஓர் அடிக்கு முன் ஓர் அடி வைத்து நேர்கோட்டில் நடக்கும் வேகம் 48 விழுக்காடு உயர்ந்தது. இந்த முடிவு 1990இல் வெளியானது.

நமக்கு அதைவிடப் பயன்படுவது 1994இல் அதே குழுவினர் வெளியிட்ட இரண்டாவது ஆய்வு. சராசரி வயது 87 உள்ள நூறு பேர். அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும், ஒன்றுக்குச் சத்துபானம் மட்டும், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களின் வலிமை 113 விழுக்காடு கூடியிருந்தது; செய்யாதவர்களுக்கு வெறும் 3 விழுக்காடு. சத்துபானம் மட்டும் குடித்தவர்களின் தசைத் தளர்ச்சி குறையவே இல்லை. அவர்கள் பானத்தைக் குடித்துவிட்டு அந்த அளவுக்கு வழக்கமான சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். பயிற்சியும் செய்து பானமும் குடித்தவர்கள் மட்டுமே மொத்தத்தில் அதிகம் உண்டார்கள். உழைத்த உடலுக்குத்தான் பசிக்கிறது.

பெற்றோருக்கு மாதந்தோறும் டப்பா டப்பாவாகப் புரத மாவு வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும். தசைக்கு வேலை கொடுக்காமல் சத்தை மட்டும் கொடுத்தால், கொத்தனார் வராத வீட்டு வாசலில் செங்கல்லை இறக்கியதுபோலத்தான். செங்கல் இல்லாமல் கொத்தனாரை மட்டும் வரவழைப்பதிலும் பயன் இல்லை.

தட்டில் எவ்வளவு புரதம்?

ஆரோக்கியமான வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் பரிந்துரைத்தன. முதியோருக்கு இது போதாது, 1.0 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது 2013இல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு சொன்ன கருத்து. காரணம், முதிய தசை புரதத்தின் அழைப்புக்கு மந்தமாகவே பதில் தருகிறது. காது சற்று மந்தமானவரிடம் உரக்கப் பேச வேண்டியிருப்பதுபோல, ஒரே வேளையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் வந்தால்தான் அது கட்டுமான வேலையைச் சரியாகத் தொடங்கும்.

ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் தேவை. அவர் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்? காலையில் இரண்டு இட்லியும் சட்னியும், சுமார் 5 கிராம். நாள் முழுவதும் குடிக்கும் காபியில் உள்ள பாலும் இரண்டு பிஸ்கட்டும் சேர்ந்து 6 கிராம். மதியம் ஒரு பிடி அரிசிச் சோற்றில் 6, தண்ணீராய் ஓடும் சாம்பாரில் 3, பொரியலில் 2, மோரில் 2. இரவு மீண்டும் இரண்டு இட்லி, 5. மொத்தம் 29 கிராம். தேவையில் பாதி. அதுவும் எந்த வேளையிலும் 15 கிராமைத் தாண்டவில்லை.

இதை மாற்றத் தனிச் சமையல் வேண்டாம். காலையில் ஒரு வேகவைத்த முட்டை 6 கிராம் சேர்க்கும். அவருக்கு ஊற்றும் சாம்பாரை அடியிலிருந்து கலக்கிக் கெட்டியாக ஊற்றினால், அல்லது ஒரு கரண்டி பருப்பு தனியாக வைத்தால் 4 கிராம் கூடும். மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிர் 3 கிராம் கூட்டும். மாலையில் பிஸ்கட்டோடு ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டல், 6 கிராம். இரவு ஒரு டம்ளர் பால், 6 கிராம். இப்போது 54 வந்துவிட்டது. மீன் சாப்பிடுகிற வீடுகளில் மதியம் ஒரு துண்டு மீன் இருந்தாலே 10 கிராம் கூடும். மதிய வேளையும் 25 கிராமை எட்டும். முட்டை சாப்பிடாதவர்கள் 25 கிராம் வேர்க்கடலையில் அதே 6 கிராமைப் பெறலாம். பல் இல்லாதவருக்கு அதைத் துவையலாக அரைத்துக் கொடுக்கலாம். சுண்டலைக் குழைய வேகவைத்து மசித்துவிடலாம். முதியோர் புரதத்தைக் குறைத்துக்கொள்வதற்குப் பல நேரங்களில் பசியின்மையைவிடப் பல்லே காரணம் என்பதை வீட்டில் கவனிப்பதில்லை.

பள்ளி வேலை நாள்களில் சத்துணவில் நம் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது. அதே வீட்டுத் தாத்தாவுக்கு முட்டை கிடைப்பது அரிது. ‘வயசான காலத்துல எதுக்கு, பிள்ளைக்குக் குடு’ என்று அவரே தள்ளிவிடுவார். இதில் பொருளாதாரமும் இருக்கிறது. நியாயவிலைக் கடையில் ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. அதை மட்டுமே நம்பும் நான்கு பேர் குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வருவது 8 கிராம் பருப்பு. அதில் புரதம் 2 கிராமுக்கும் குறைவு. எனவே பருப்போடு கொள்ளு, தட்டைப்பயறு, வேர்க்கடலை போன்றவற்றையும் மாற்றி மாற்றிச் சேர்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உள்ள எவரும் கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது தொடைத் தசை தன் வலிமையில் சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. தசை வளர, அது வழக்கமாகச் சுமப்பதைவிடக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் நடை போன்ற பயிற்சிகளோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலிமைப் பயிற்சியும், முதியோருக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் தனியாகச் சொல்லப்பட்டுள்ளன.

முதலில் தொடங்க வேண்டியது நாற்காலிப் பயிற்சி. உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, உடலை முன்சாய்த்து எழுந்து நின்று, மெதுவாக உட்கார வேண்டும். பாதிப் பயன் உட்காருவதில் இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் அது வீண். மூன்று எண்ணும்வரை இறங்க வேண்டும். கையை ஊன்றாமல் எழ முடியாதவர் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது தொடக்கத்தில் கையை ஊன்றலாம். எட்டு முதல் பன்னிரண்டு முறை ஒரு சுற்று. சற்று ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. திங்கள், புதன், வெள்ளி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் தசைக்கு மீளும் நேரம் கிடைக்கும்.

எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கடைசி இரண்டு முறை ‘அப்பாடா’ என்று தோன்ற வேண்டும். பன்னிரண்டும் சுலபமாகிவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். தலையணையை எடுக்கலாம், கையை மார்பில் கட்டிக்கொள்ளலாம், பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியும். ஆறு மாதமாக ஒரே அளவில் செய்துகொண்டிருந்தால் தசை அதற்கு மேல் வளராது.

இதோடு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் இரு கைகளையும் ஊன்றி உடலைத் தள்ளுவது, வாசற்படியில் பிடிமானத்தோடு ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பது ஆகியவற்றைச் சேர்த்தால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூட்டுவலி உள்ளவர்கள் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தலாம். தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் சுமை குறைந்து வலியும் தணியும். வலிக்கிறதே என்று அசைக்காமல் வைத்திருந்தால் இரண்டும் கெடும்.

மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். நெஞ்சுவலி உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம்.

நாற்காலியும் ஒரு கடிகாரமும்

தசை இழப்பைச் சந்தேகிக்க ஸ்கேன் தேவையில்லை. ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோல்களில் இரண்டை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். வழக்கமான நடையில் 6 மீட்டரைக் கடக்க 6 நொடிக்கு மேல் ஆனாலும் அப்படியே. ஜப்பானில் இன்னும் எளிய முறை ஒன்று உண்டு. இரு கைகளின் பெருவிரல்களையும் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றிப் பிடிப்பார்கள். வளையத்துக்கும் காலுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் தசை குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

ஆறாம் வகுப்பில் மனித உறுப்பு மண்டலங்களையும், ஏழாம் வகுப்பில் விசையும் இயக்கமும் பாடத்தில் வேகத்தையும் நடத்துகிறோம். வீட்டில் உள்ள ஒரு பெரியவரின் நடை வேகத்தை அளந்து வருவதை ஒரு செயல்பாடாகக் கொடுக்கலாம். 6 மீட்டரை அளவு நாடாவால் குறித்து, நடக்க ஆகும் நொடிகளைக் கைப்பேசியில் எடுத்து, வேகத்தைக் கணக்கிட வேண்டும். அதே வழியில் தன் வேகத்தையும் மாணவர் கணக்கிடட்டும். நாற்காலிச் சோதனையைப் பெற்றோர் ஒருவர் அருகில் நிற்கும்போது மட்டுமே செய்யச் சொல்ல வேண்டும். விழுந்த அனுபவம் உள்ளவர்களையும் வலி உள்ளவர்களையும் விட்டுவிட வேண்டும். வகுப்பில் யாருடைய தாத்தாவுக்கு எத்தனை நொடி என்று பெயர் சொல்லி வாசிக்க வேண்டாம். பெயரில்லாமல் எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதிச் சராசரி காணலாம். அதுவே கணக்குப் பாடமாகவும் ஆகும்.

எழவே முடியவில்லை என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், பெற்றோரிடம் தனியாகப் பேசுவது நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் வசதி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு வலிமை கூடியது தெரிய ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் கொடுக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒருமுறையும் அரையாண்டுத் தேர்வுக்குப் பின் ஒருமுறையும் அதே நாற்காலியில், அதே நேரத்தில், அதே முறையில் அளந்தால் ஒப்பிடுவது எளிது.